முட்டலாம், மோதலாம், குத்தக் கூடாது!
(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

ஹாக்கி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தயான் சந்த், தன்ராஜ் பிள்ளை, பச்சைத் தரை. நான் சொல்ல வந்தது அந்த ஹாக்கி இல்லை நண்பர்களே! இதில் தரை முழுக்க ஐஸ். காலில் கத்தி மாதிரி ஓர் இரும்புத் தகடு. பந்துக்குப் பதிலாக 'பக்' என்று ஒரு கெட்டி ரப்பர் வில்லை, மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குலக் கனம். நம் நாட்டில் லடாக் பக்கம் குளிர்காலத்தில் ஆடுகிறார்கள். அமெரிக்காவிலோ பல்கலைக்கழகங்களுக்கு நடுவே பெரிய போட்டியாகவே நடக்கிறது. 1948 முதல் தேசியப் பட்டத்துக்கு விளையாடுகிறார்கள். அதை நடத்தும் சங்கத்தின் பெயர் என்.சி.ஏ.ஏ.

எங்கள் விடுதியில் இந்த ஆட்டம் பிரபலமானது செல்போன் வழியாக. ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை! சண்டைகளை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோ ஒன்று அறைக்கு அறை சுற்றியது. இரண்டு பேர் கையுறையைக் கழற்றி வீசுகிறார்கள், சட்டையைப் பிடிக்கிறார்கள், கும்மு கும்மென்று கும்முகிறார்கள், நடுவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார். "இது விளையாட்டாடா, ரவுடித்தனம்" என்று ஒரு கட்சி. "ஆம்பளைங்க ஆட்டம்டா" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் பார்த்தது கல்லூரி ஆட்டமே இல்லை, என்.எச்.எல். என்ற தொழில்முறை லீக். கல்லூரியில் கதை வேறு. அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் களம். சுமார் 200 அடி நீளம், 85 அடி அகலம். சில கல்லூரிகளில் அகலம் இன்னும் அதிகம். சுற்றிலும் ஆள் இடுப்புக்கு மேல் வரும் பலகைச் சுவர், அதற்கு மேலே கண்ணாடி மாதிரித் தடுப்பு. நம் கால்பந்தில் பந்து கோட்டைத் தாண்டினால் 'த்ரோ'. இங்கே பக் சுவரில் பட்டுத் திரும்பி வரும், ஆட்டம் நிற்காது. சுவரும் ஓர் ஆட்டக்காரர் மாதிரிதான். அணிக்கு ஐந்து பேர், கோல் கீப்பர் ஒருவர். பக் மூலையில் போய்ச் சிக்கிக்கொண்டால் யாராவது ஒருவன் உள்ளே போய் எடுத்தாக வேண்டும். பின்னாலேயே எதிரணி ஆள் வருவான் என்று தெரிந்தே போக வேண்டும். அங்கே 'முரட்டு ஆட்டக்காரன்' என்ற பெயர் இந்த மூலையில்தான் கிடைக்கிறது. குத்துவிடுகிறவனை விட, குத்துப்படப்போகிறோம் என்று தெரிந்தும் மூலைக்குப் போகிறவனுக்குத்தான் பயிற்சியாளரிடம் மரியாதை.

மோதுவதற்கு விதி உண்டு. 'பாடி செக்' என்று பெயர். நாம் முட்டு என்றே சொல்லிக்கொள்வோம். பக் யாரிடம் இருக்கிறதோ அவனை மட்டும்தான் முட்டலாம். தோள், இடுப்பு, உடம்பு கொண்டு முட்டலாம். முழங்கை கூடாது, முழங்கால் கூடாது, மட்டையைக் குறுக்கே பிடித்துத் தள்ளக் கூடாது, தலையைக் குறிவைக்கக் கூடாது, முதுகுப் பக்கமிருந்து சுவரில் தள்ளவே கூடாது. முட்டின் நோக்கம் ஆளைச் சாய்ப்பது அல்ல, பக்கிலிருந்து ஆளைப் பிரிப்பது. முட்டிய பிறகு பக்கை எடுக்காமல், விழுந்தவனை நின்று பார்த்து ரசிக்கிறவனை நல்ல பயிற்சியாளர் திட்டித் தீர்ப்பார்.

நாம் மெக்கானிக்கல் ஆட்கள் ஆயிற்றே, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? கவசத்தோடு சேர்த்து 90 கிலோ ஆள், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். இந்த வேகம் அவர்களுக்குச் சர்வசாதாரணம். விநாடிக்கு 8.33 மீட்டர். இயக்க ஆற்றல் சுமார் 3,100 ஜூல் வருகிறது. ஜூல் என்றால் மனசில் நிற்காது. ஆகவே திருப்பிப் போடுங்கள்: எந்த உயரத்திலிருந்து விழுந்தால் இந்த வேகம் வரும்? சுமார் மூன்றரை மீட்டர்! அதாவது முதல் மாடி பால்கனியிலிருந்து கீழே குதிப்பதும், ஐஸில் முழு வேகத்தில் வந்து சுவரில் மோதுவதும் ஒன்றுதான். ஒரு ஆட்டத்தில் எத்தனை தடவை குதிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் எப்படி எலும்பு முறியாமல் எழுந்து போகிறார்கள்? நேரம்தான் காரணம். உந்தம் அதேதான், ஆனால் அது எத்தனை நேரத்தில் பூஜ்யமாகிறது என்பதில் விசை மாறிவிடும். பத்தில் ஒரு விநாடியில் நின்றால் சராசரி விசை 7,500 நியூட்டன். நூறில் ஒரு விநாடியில் நின்றால் 75,000. தோள் கவசம் அமுங்குகிறது, பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது, முழங்கால் மடங்குகிறது. எல்லாம் சேர்ந்து நேரத்தை இழுக்கின்றன. நம் பாடத்தில் வரும் 'இம்பல்ஸ்' இதுதான், சும்மா பரீட்சைக்கு மட்டுமில்லை.

இன்னொரு விஷயம் ஆச்சரியமாக இருக்கும். சுவரோடு ஒட்டி நிற்பவனை முட்டினால் ஆபத்து குறைவு. சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி நிற்பவனைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளினால்கூட ஆபத்து அதிகம். ஒட்டி நிற்பவனுக்கு அடி உடம்பு முழுக்கப் பரவும். தள்ளி நிற்பவன் தடுமாறி, தலை முன்னால் போய் சுவரில் இடிப்பான். அந்த நேரம் பயத்தில் தலையைக் குனிந்துவிட்டால் போச்சு. நிமிர்ந்த கழுத்துக்கு இயற்கையாக ஒரு வளைவு உண்டு, ஸ்பிரிங் மாதிரி. குனிந்தால் முதுகெலும்பு நேர்க்கோடாகிவிடும். நேரான தூணின் மேல் அச்சு வழியே சுமை ஏறினால் என்ன ஆகும் என்று நமக்கு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் நடத்தும் சாரைக் கேளுங்கள். அதனால்தான் சின்னப் பையன்களுக்கே அங்கே, 'மோதப் போகிறாயா, தலையை நிமிர்த்து' என்று முதல் பாடம் சொல்லித் தருகிறார்கள்.

இனி சண்டைக்கு வருவோம். விதி மீறினால் தண்டனைக் கூண்டில் போய் உட்கார வேண்டும். சின்னத் தவறுக்கு 2 நிமிடம், பெரிய தவறுக்கு 5 நிமிடம். அதுவரை அவன் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். என்.எச்.எல்.லில் சண்டைக்கு 5 நிமிடம்தான். கூண்டிலிருந்து வந்து மறுபடி ஆடலாம்! பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒவ்வொருவன் போவதால் அணிக்கும் நஷ்டமில்லை. கல்லூரியில் அப்படி இல்லை. குத்துவிட்டால் அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றம், அடுத்த ஆட்டத்துக்கும் தடை. அதே சீசனில் இரண்டாவது முறை என்றால் தடை இரண்டு ஆட்டம், மூன்றாவது முறை மூன்று. என்.எச்.எல்.லில் சீசனுக்கு எண்பதுக்கு மேல் ஆட்டம். கல்லூரி அணிக்கு அதில் பாதிகூட இல்லை. அதிலும் பல சமயம் வெள்ளி, சனி இரண்டு இரவும் ஒரே அணியோடுதான் ஆட்டம். வெள்ளிக்கிழமை கையை நீட்டினால் சனிக்கிழமை அதே எதிரியை அரங்கின் மேல் படியில் உட்கார்ந்து, கோட்டு போட்டுக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். கோபத்துக்கு இப்படி ஒரு விலை வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அருமையான விலை.

அதற்காகக் கல்லூரிக்காரர்கள் எல்லாம் பசு மாடுகள் என்று நினைத்துவிட வேண்டாம். 1976இல் டென்வரில் தேசிய அரையிறுதி. மினசோட்டாவும் பாஸ்டன் பல்கலைக்கழகமும். ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு பெஞ்சும் காலியாகி எல்லோரும் ஐஸில் இறங்கிக் கட்டிப் புரண்டார்கள். ஆட்டம் நெடுநேரம் நின்றுபோனது. கடைசியில் மினசோட்டா ஜெயித்து, இறுதி ஆட்டத்தில் மிச்சிகன் டெக் அணியையும் தோற்கடித்தது. மினசோட்டாவின் பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ். நான்கு வருடம் கழித்து 1980 ஒலிம்பிக்குக்கு அமெரிக்க அணியைத் தயார் செய்ததும் இவரே. அணியில் பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள். மினசோட்டாவிலிருந்து ஒன்பது பேர், பாஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து நான்கு பேர். பழைய பகை ஆறாத இரண்டு கூட்டத்தை ஒரே சட்டை போட வைத்து, 1980 பிப்ரவரி 22 அன்று சோவியத் அணியை 4-3 என்று வீழ்த்தினார்கள். அந்தப் புகழ்பெற்ற வெற்றியைப் பற்றிச் சினிமாவெல்லாம் வந்துவிட்டது.

அடுத்தது முகக்கூண்டு. 1980களின் தொடக்கத்திலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் முகம் முழுவதையும் மூடும் கம்பிக் கூண்டோ கவசமோ கட்டாயம் அணிய வேண்டும். கண்ணும் பல்லும் தப்பித்தன. கம்பியில் குத்தினால் குத்துகிறவன் விரல்தான் முறியும் என்பதால் சண்டையும் குறைந்தது. இதில் ஒரு வில்லங்கமும் சேர்ந்து வந்தது. 'எனக்குத்தான் ஒன்றும் ஆகாதே' என்று மட்டையை உயர்த்தி வீசுகிறார்கள், எதிராளிக்கும் கூண்டு இருக்கிறதே என்று தாராளமாகப் பாய்கிறார்கள் என்பது பயிற்சியாளர்கள் பலரின் நெடுநாள் புகார். கவசம் கூடினால் துணிச்சலும் கூடிவிடுகிறது! ஹெல்மெட் போட்டதும் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிற ஆட்கள் நம் பைக் ஸ்டாண்டிலும் இருக்கிறார்கள். (இதற்கு நேர் எதிர் கிரெய்க் மெக்டாவிஷ். லோவெல் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். என்.எச்.எல்.லில் ஹெல்மெட் இல்லாமல் ஆடிய கடைசி மனிதர், 1997 வரை! பழைய ஆட்கள் என்று விதிவிலக்குக் கொடுத்திருந்தார்கள்.)

கூண்டு முகத்தைக் காக்கும், கழுத்தைக் காக்காது. 1995 அக்டோபர் 20, பாஸ்டன் பல்கலைக்கழக அரங்கம். முந்தைய சீசனில் வென்ற தேசியப் பட்டத்துக்கான கொடியை அன்றுதான் ஏற்றினார்கள். டிராவிஸ் ராய் என்ற 20 வயது மாணவருக்குக் கல்லூரி அணியில் அது முதல் ஆட்டம். ஐஸில் இறங்கினார். எதிரணி ஆளை முட்டப் போனார். முறையான முட்டுதான், யார் மேலும் தவறில்லை. சரியாகப் படாமல் நழுவி, தடுமாறி, தலை முன்னால் போய்ப் பலகையில் மோதிவிட்டார். இறங்கி 11 விநாடி. கழுத்தின் நான்காவது எலும்பு முறிந்தது. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது. சக்கர நாற்காலியோடு அதே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் பட்டம் வாங்கினார். தண்டுவடம் பாதித்தவர்களுக்கு உதவ ஒரு அறக்கட்டளை நடத்தினார். 2020 அக்டோபரில் 45 வயதில் காலமானார். அவர் அணிந்த 24ஆம் எண்ணை அந்தக் கல்லூரியில் இனி யாரும் அணிவதில்லை.

இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. என் அப்பா கமிஷன் மண்டியில் மூட்டை தூக்குகிறார். அவருக்கும் கழுத்துக்கும் முதுகுக்கும்தான் கூலி. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு தாண்டியது நான்தான் முதல். உடம்பை வைத்துப் பிழைக்கிறவன், படிப்பை வைத்துப் பிழைக்கிறவன் என்று ஊரில் ஆளை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். இந்த ஐஸ் ஹாக்கியில் அந்தக் கோடு அழிந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை.

பிரின்ஸ்டன் என்று ஒரு பெரிய பல்கலைக்கழகம். 1910களில் ஹோபி பேக்கர் என்ற மாணவர் அங்கே ஆடினார். எத்தனை அடித்தாலும் திருப்பி அடிக்காதவர் என்று பெயர். ஆட்டம் முடிந்ததும் எதிரணி அறைக்கே போய்க் கை குலுக்குவாராம். முதல் உலகப் போரில் விமானியாகப் போய், போர் முடிந்த பிறகு 1918 டிசம்பரில் பிரான்சில் விமானம் விழுந்து இறந்தார். பிரின்ஸ்டன் ஐஸ் அரங்கத்துக்கு அவர் பெயர்தான். 1981 முதல் அமெரிக்காவின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் விருதும் அவர் பெயரில்தான்.

அதே அரங்கத்தில் ஆடிப் பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவர் ஜார்ஜ் பாரோஸ். பெரிய மீசை! என்.எச்.எல்.லுக்குப் போனதும் அவருக்குக் கிடைத்த வேலை 'என்ஃபோர்சர்', அதாவது நம் பாஷையில் அடியாள். அணியின் நட்சத்திர ஆட்டக்காரனை யாராவது தொட்டால் இவர் போய்க் கவனிக்க வேண்டும். 474 ஆட்டங்களில் 18 கோல். கூண்டில் கழித்த நேரம் 1,000 நிமிடத்துக்கு மேல்! 2007இல் அனஹெய்ம் அணியோடு ஸ்டான்லி கோப்பையும் வாங்கினார். 2013 அக்டோபரில் ஒரு சண்டையில் நிலைகுலைந்து முகம் ஐஸில் மோத, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். 2017இல் என்.எச்.எல். அவரை எந்தப் பதவிக்கு எடுத்தது தெரியுமா? ஆட்டக்காரர் பாதுகாப்புத் துறைத் தலைவர்! யார் வரம்பு மீறினான், எத்தனை ஆட்டம் தடை என்று தீர்மானிக்கும் நாற்காலி. சிலர் சிரித்தார்கள். எனக்கு இதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. அடியின் எடை வாங்கினவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

கடைசியாக நம்மாள் ஒருவர். ஜான் ஸ்காட். மிச்சிகன் டெக் மாணவர். ஆமாம், 1976இல் தோற்றுப்போனதே, அதே கல்லூரி. 1885இல் சுரங்கப் பள்ளியாகத் தொடங்கிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பனி கொட்டும் ஹவுட்டன் என்ற சிற்றூரில் இருக்கிறது. ஸ்காட் படித்தது என்ன தெரியுமா? மெக்கானிக்கல் இன்ஜினியரிங்! உயரம் 6 அடி 8 அங்குலம். அந்த உயரத்தைப் பார்த்த தொழில்முறை அணிகள் அவரையும் அடியாளாகத்தான் எடுத்தன. 286 என்.எச்.எல். ஆட்டங்களில் அவர் போட்டது மொத்தம் 5 கோல்.

2016இல் நட்சத்திர ஆட்டத்துக்கு ரசிகர்கள் ஓட்டுப் போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுக்கலாம். குறும்புக்காக ரசிகர்கள் ஸ்காட்டுக்கு ஓட்டைக் குவித்தார்கள். 'அடியாளை அழகுப் போட்டிக்கு அனுப்புவோம்' என்கிற மாதிரி நக்கல். நிஜமாகவே முதலிடம் வந்து ஒரு அணிக்குத் தலைவராகவும் ஆகிவிட்டார். லீக்குக்கு தர்மசங்கடம். விலகிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தினார்கள். நடுவில் அவரை வேறு அணிக்கு மாற்றி, அங்கிருந்து கீழ் லீக்குக்கும் அனுப்பிவிட்டார்கள். லீக்கைச் சேர்ந்த ஒருவர், இதைப் பார்த்து உன் குழந்தைகள் பெருமைப்படுவார்களா என்கிற பொருளில் கேட்டதாக ஸ்காட்டே எழுதியிருக்கிறார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் போயே தீருவது என்று முடிவு செய்தாராம். அவர் மனைவி அப்போது நிறைமாதம், வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள்.

ஜனவரி 31, நாஷ்வில் அரங்கம். ஸ்காட் இரண்டு கோல் போட்டார். அவர் அணி ஜெயித்தது. பரிசு பத்து லட்சம் டாலர், அணியினர் பங்கு போட்டுக்கொண்டார்கள். சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கான பட்டியலில் அவர் பெயரே இல்லை. ரசிகர்கள் அவர் பெயரையே எழுதி எழுதி அனுப்பினார்கள். விருது அவருக்குத்தான். சக ஆட்டக்காரர்கள் அவ்வளவு கனமான ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

இந்தக் கதையை லீவுக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். கோல், விருது எதையும் அவர் கேட்கவில்லை. "படிப்ப விட்டுடலையே?" என்றார். "இல்லப்பா, இன்ஜினியர் பட்டம் வாங்கிட்டாரு" என்றேன். "அப்ப சரி" என்று சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குக் கிளம்பினார். ஸ்காட் அந்த ஆண்டு ஏப்ரலில் மாண்ட்ரியல் அணிக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடி, டிசம்பரில் ஓய்வை அறிவித்தார்.

கல்லூரி ஆட்டத்தில் இப்போது ஒரு புதுக் காற்று. கனடாவில் 'மேஜர் ஜூனியர்' என்று 16 முதல் 20 வயதுப் பையன்களின் லீக்குகள் உண்டு. நெடுங்காலம் சண்டைக்குப் பேர்போனவை. அவற்றில் ஒன்றான கியூபெக் லீக், சண்டை போட்டால் வெளியேற்றம் என்று 2023இல்தான் விதி கொண்டுவந்தது. அங்கே உதவித்தொகை வாங்கி ஆடியவர்களைத் தொழில்முறை ஆட்கள் என்று கணக்கிட்டு அமெரிக்கக் கல்லூரிகள் சேர்க்காமல் இருந்தன. 2024 நவம்பரில் அந்தத் தடையை நீக்கி, 2025 ஆகஸ்ட் முதல் கதவைத் திறந்துவிட்டார்கள். சண்டை பார்த்து வளர்ந்த பையன்கள் வெள்ளிக்கிழமை குத்தினால் சனிக்கிழமை கிடையாது என்கிற ஊருக்கு வருகிறார்கள். அவர்கள் மாறுவார்களா, ஆட்டம் மாறுமா? எங்கள் அறையில் பந்தயமே ஓடுகிறது, தோற்றவன் டீ வாங்கித் தர வேண்டும்.

பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு: சீசன் அக்டோபரில் தொடங்கும். கடைசி நான்கு அணிகளின் போட்டி ஏப்ரலில். அங்கே மாலை 7 மணி என்றால் நமக்கு அதிகாலை 4:30. அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், சத்தத்தைக் குறைத்து வையுங்கள், வார்டன் சார் அறை பக்கத்திலேயே இருக்கிறது.